இட்லரை உதைச்ச அடைக்கலம்

இருங்க இருங்க, வடை தின்ன கையோட அதைத் தொட்டுறாதீங்க சார். எண்ணெ பட்டுச்சுன்னா எம்பது வருசத்துத் தபால் அட்டை அம்புட்டுத்தான். அங்கிட்டு வாளியில தண்ணி இருக்கு பாருங்க. கோச்சுக்காதீங்க, மெட்ராஸ்லேர்ந்து அறந்தாங்கிக்கு இம்புட்டுத் தொலவு வந்த மனுசனைக் கைகழுவச் சொல்லி வெரட்டுறானேன்னு. கலைமதி, சாருக்குத் துண்டு குடு. அது இல்ல, நல்ல துண்டு. நம்ம சம்சாரம் சார்.

ஆங். இப்ப ஓரத்தை மட்டும் புடிச்சுப் பாருங்க. சிப்பாய் காலு எங்க போய் எறங்கியிருக்கு? இட்லர் குண்டியில. மன்னிக்கணும், வேற வார்த்தை வரலை. இட்லர் ஒரு பக்கம் பறக்குறான், அவன் மீசை தனியா இன்னொரு பக்கம் பறக்குது. கீழ என்ன எழுதியிருக்கு, ஒரே உதை பெர்லின் வரைன்னு. லைட்டு கொண்டாந்திருக்கீங்களா? அடிச்சுப் பாருங்க, சந்தேகமே வேணாம். நானும் ஒண்ணு வச்சிருக்கேன், கள்ளநோட்டு பாக்குற நீல லைட்டு. இப்ப அடிச்ச காயிதம்னா அந்த வெளிச்சத்துல வெள்ளைவெளேர்னு மின்னும். பழசு கம்முனு கெடக்கும். கெடக்கா? அசல் சார்.

மத்த நாலா? வருவோம், வருவோம். காபி ஆறுது பாருங்க.

புத்தகம் எழுதுறேன், உங்க லெட்டரைப் படிச்சேன்னு நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தொண்ணூத்தாறுல நான் எழுதுன லெட்டரு. பெங்களூர்ல அட்டை சேக்குறவங்க சங்கம் நடத்துன மாசப் பத்திரிகை, மிஞ்சிப்போனா அம்பது பேரு படிச்சிருப்பான். அதைப் போயி தோண்டி எடுத்துப் பையில வச்சிருக்கீங்களே, நீங்க சாமானியப்பட்ட ஆளு இல்ல. அதுல எல்லாம் வெவரமா எழுதியிருப்பேன். தமிழு, தெலுங்கு, இந்தி, பெங்காலி, பஞ்சாபின்னு அஞ்சு பாசையில இந்த அட்டை வந்துச்சு, அஞ்சும் சேந்தாப்புல என் ஒருத்தன்கிட்டதான் இருக்குன்னு. படம் வரஞ்சவன் சரியான சோம்பேறி சார். அஞ்சுலயும் ஒரே ஆளு, ஒரே காலு, ஒரே உதை. பஞ்சாபிக்கு மட்டும் தாடியும் தலப்பாவும் ஒட்டியிருக்கான். பெங்காலிக்கு மீசையைக் கொஞ்சம் மெலிசாக்கிட்டான். தெலுங்குக்கு அந்தச் சிரமம்கூட இல்ல, எழுத்தை மாத்திட்டுப் போயிட்டான்.

நான் ஈபியில ரீடிங் எடுத்தவன். முப்பத்திமூணு வருசம். மத்தவன் மீட்டரைப் பாத்துட்டுப் போயிருவான். நான் மீட்டருக்கு மேல என்ன ஒட்டியிருக்கு, பக்கத்துல என்ன தொங்குதுன்னு பாப்பேன். சண்டைக்கு ஆளெடுக்க வந்தவன் இந்த அட்டையக் கட்டுக்கட்டா குடுத்துட்டுப் போயிருக்கான். எழுதிப் போட நம்மாளுக்கு யாரு இருக்கா? சும்மா கெடைச்ச படம்னு செவுத்துல ஒட்டிட்டாங்க. நான் கையில எப்பவும் சுருட்டி நாலு காலண்டர் வச்சிருப்பேன். ஒரு முருகன் காலண்டர் குடுத்தா ஒரு இட்லர் கெடைப்பான். லட்சுமி குடுத்தா முசோலினி. அப்படிச் சேத்ததுதான் முந்நூத்தி நாப்பது.

இது இலுப்பூர்ல எடுத்தது. நல்லதம்பின்னு ஒருத்தர், உரக்கடை வச்சிருக்காரு. அவங்க பழைய வீட்டுல மீட்டர் பொட்டிக்கு மேல கஞ்சிப்பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. ஈரத்துணி போட்டு ஊற வச்சு உரிச்சேன். ரெண்டு மணி நேரம். ரீடிங் எடுக்க ரெண்டு மணி நேரமான்னு அந்த வீட்டம்மா மோரு குடுத்துக்கிட்டே கேட்டுச்சு. எண்பத்தெட்டாம் வருசம். மத்த நாலுக்கு எட்டு வருசம் லெட்டர் எழுதியே தேஞ்சு போனேன். பஞ்சாபிக்கு மட்டும் லூதியானாவுக்கு முப்பத்தோரு லெட்டரு. அந்தாளு கடைசியில எரிச்சல் தாங்காம அனுப்பிட்டாரு.

சேத்து என்ன சார்? நாப்பது வருசத்துல ஒரு மனுசன் வந்து ஏன்யா இது என்னன்னு கேட்டதில்ல. ஒரு தடவை ரோட்டரியில பொன்னாடை போத்துனாங்க. பேரு படிக்கையில, வாழ்த்து அட்டை தயாரிக்கும் தொழிலதிபர்னு படிச்சான். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் வந்துச்சு. கலைமதி இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

இந்த லட்சணத்துலதான் மூணு வருசம் முன்னாடி செபமாலை நர்சு வந்தாங்க. வல்லத்திராக்கோட்டைக்காரங்க. அந்தச் சுத்துவட்டாரத்துல பாதிப் பேரு அவங்க கையில பொறந்தவன், மீதிப் பேரு அவங்ககிட்ட ஊசி போட்டுக்கிட்டவன். நான் ரெண்டாவது ரகம். அப்பவே எம்பதை நெருங்கிட்டாங்க. கல்யாணம் காச்சி இல்ல, ஒத்தையா இருக்காங்க. பஸ்ஸை விட்டு எறங்கிக் கொடையை ஊனிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஆத்மநாதா, நீ சண்டைக்காலத்துப் படமெல்லாம் வச்சிருக்கியாமே, எங்கப்பா அதுல இருக்காரான்னு பாக்கணும்கிறாங்க.

நான் சொன்னேன், இதெல்லாம் கேலிச்சித்திரம் நர்சம்மா, சிரிப்புப் படம், நெசமான ஆளுக யாரும் இருக்க மாட்டாங்கன்னு. ஏன், எங்கப்பா சிரிக்க மாட்டாரான்னு கேக்குறாங்க.

அவங்கப்பா பேரு அடைக்கலம். நாப்பத்திரெண்டுல பட்டாளத்துக்குப் போனவரு. இவங்க அப்ப வயித்துல. கல்கத்தாவுலேர்ந்து ஒரே ஒரு கடுதாசி வந்துச்சாம். அப்புறம் ஆளும் வரலை, செத்தாருன்னு தாக்கலும் வரலை. ஊரு சும்மா இருக்குமா? பட்டாளத்தை விட்டு ஓடிப்போயிட்டான், ரங்கூன்ல பர்மாக்காரி ஒருத்தியோட இருக்கான்னு பேசிருச்சு. மத்தவங்களைவிட பங்காளி வீட்டுக்காரங்கதான் சத்தமாப் பேசுனாங்களாம். நல்லது கெட்டதுன்னா நர்சம்மாவோட அம்மாவைக் கூப்புட மாட்டாங்க. அந்தம்மா சாகுற வரைக்கும் தாலியைக் கழட்டலை. அதையும் சொல்லிச் சிரிச்சிருக்காங்க.

அந்தச் சமயம் அவங்க கோயிலுக்கு நூறு வருசம் ஆகுதுன்னு விழா மலர் போட்டாங்க. ஒவ்வொரு குடும்பத்துலயும் முன்னோர் போட்டோ ஒண்ணு குடுக்கணும். மலர்க் கமிட்டிக்குத் தலைவர் யாரு? அதே பங்காளி வீட்டு ஆரோக்கியதாஸ். ரிட்டயர்டு வாத்தியாரு. நர்சம்மா போயிக் கேட்டதுக்கு, ஓடிப்போனவருக்கு எதுக்கு அக்கா எடம், அதும் போட்டோவே இல்லாமன்னுருக்காரு. அதுக்குத்தான் கொடையைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தது.

முந்நூத்தி நாப்பதையும் பாக்க உக்காந்தாங்க சார். என் லென்ஸை வாங்கி ஒண்ணு ஒண்ணா. கலைமதி சாப்புடக் கூப்புட்டுச்சு, வேணாம்ட்டாங்க. இந்த அட்டை வந்ததும் கை நின்னுச்சு. இந்தா பாரு, எடது புருவத்துல வெட்டுன்னாங்க. சின்னதுல மாடு முட்டுனதாம். அம்மா சொல்லிக்கிட்டே இருக்குமாம், உங்கப்பாவுக்கு எடது புருவம் ரெண்டு துண்டா இருக்கும்னு.

நீங்களும் லென்ஸ் வச்சுப் பாருங்க. தெரியுதா, புருவத்துக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு? என்னங்கிறீங்க? கரெக்ட் சார், கரெக்ட். அடிக்கையில பிளாக்குல தூசி உக்காந்திருக்கு. அச்சுப்பிழை. மத்த நாலு பாசையில புருவம் முழுசா இருக்கும். இதை மொத மொதல்ல கண்டுபுடிச்சு எழுதுனவனே நாந்தானே, உங்க பையில இருக்குல்ல லெட்டரு, ரெண்டாம் பக்கம்.

அப்ப ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்க. இரக்கப்பட்டேன்னு நெனைச்சுறாதீங்க. நான் அம்புட்டு நல்லவன் இல்ல. நாப்பது வருசத்துல மொத மொதல்ல ஒரு ஆளு என்கிட்ட வந்து, நீ சொல்லு ஆத்மநாதா, உனக்குத்தான் தெரியும்கிறாங்க. அந்த வார்த்தை சார். அது தூசின்னு சொன்னா கெளம்பிப் போயிருவாங்க. நான் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, அந்தக் காலத்துல ஓவியருங்க பட்டாளத்து முகாமுக்கே போயி நெசமான சிப்பாயைப் பாத்துத்தான் வரைவாங்க, திருச்சி முகாம்ல அடைக்கலத்தைப் பாத்து வரஞ்சிருக்க வாய்ப்பு உண்டுன்னேன். வாய்ப்பு உண்டுன்னுதான் சொன்னேன். அவங்க எந்திரிச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஊசி போடுற கை, என்ன பிடி.

மலர்ல வந்துருச்சு. நாப்பத்தேழாம் பக்கம். அடைக்கலம், உலகப்போர் வீரர், தகவல் உதவி போர்க்கால அட்டை ஆய்வாளர் அறந்தாங்கி ஆத்மநாதன். பொய் சொல்லக் கூடாது, எனக்குக் குளுந்து போச்சு. இருவது பிரதி வாங்கியாந்து தெருவெல்லாம் குடுத்தேன்.

அத்தோட நின்னிருந்தா சரி. ஆரோக்கியதாஸுக்குப் பேரன் ஒருத்தன், விக்ரம்னு பேரு, பிளெக்ஸ் கடை வச்சிருக்கான். இட்லரையே உதைச்ச ஆளு நம்ம பங்காளியான்னு அவனுக்கு ரத்தம் சூடாயிருச்சு. எம்பது வருசமா ஓடிப்போனவன்னு சொன்ன வீடு சார். ஒரே வாரத்துல எங்கள் குலவிளக்கேன்னு பதினஞ்சு அடிக்குப் பிளெக்ஸ். என்ன ஒண்ணு, வச்சது பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல. உதை அசிங்கமா இருக்குன்னு டீச்சருக சொல்லியிருக்காங்க. விக்ரம் கம்ப்யூட்டர்ல இட்லரை எடுத்துட்டான். எடுத்ததும் பாத்தா, சிப்பாய் அந்தரத்துல காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு, பரதநாட்டியம் மாதிரி. என்னமாச்சும் வைக்கணுமேன்னு காலுக்கு முன்னால ஒரு பந்தை வச்சுட்டான்.

சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க. மறு வருசமே மாவீரர் அடைக்கலம் நினைவுக் கால்பந்துப் போட்டி. பதினாறு டீமு. மைக்குல பேசுனவரு, அடைக்கலம் அவர்கள் பட்டாளத்து அணிக்காகப் பர்மாவுல ஆடி ஏழு கோல் போட்டவர்னாரு. எவன் எண்ணுனான்? நான் மேடையில உக்காந்திருக்கேன், என்னைப் பாத்துத் தலையாட்டச் சொன்னாரு, ஆட்டுனேன். கலைமதி கீழேர்ந்து மொறைக்குது.

நர்சம்மாவா? அவங்களை நடுவுல உக்கார வச்சு மாலை போட்டாங்க. வெயிலுக்குக் கொடை புடிச்சது யாருங்கிறீங்க? ஆரோக்கியதாஸ். அவங்க நேரா மைதானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு பயலுக்கு மொழங்கால்ல அடிபட்டுருச்சு. மாலையைக் கழட்டி ஆரோக்கியதாஸ் கையில குடுத்துட்டு எறங்கிப்போயி கட்டுப் போட்டுட்டு வந்து மறுபடி வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

அந்தப் பிளெக்ஸ் போட்டோ வாட்ஸப்புல சுத்தி இலுப்பூருக்குப் போயிருச்சு. நல்லதம்பி பாத்துட்டாரு. அடே, இது எங்க வீட்டு மீட்டருக்கு மேல இருந்த படமாச்சே, எங்க வீட்டுல ஒட்டியிருந்தா அது எங்க தாத்தாதானேன்னு கெளம்பிட்டாரு. அவங்க தாத்தா வெத்தலை யாவாரம் சார். இலுப்பூரைத் தாண்டுனதில்ல. அதெல்லாம் ஒரு பொருட்டா? அங்கிட்டு ஒரு பிளெக்ஸ் ஏறிருச்சு. அதுல தாத்தாவுக்குப் பந்தோட சேத்துத் தலைக்குப் பின்னால ஒளிவட்டமும். இவனுக போயி அதைக் கிழிக்க, அவனுக வந்து இதைக் கிழிக்க, போட்டி நடக்கக் கூடாதுன்னு மனுக் குடுக்க, கடைசியில புதுக்கோட்டையில வருவாய்க் கோட்டாட்சியர் ஆர்டிஓ அம்மா சமாதானக் கூட்டம் போட்டுட்டாங்க. எனக்கும் நோட்டீஸ். இந்த அட்டை சம்பந்தமாகத் தங்கள் வசமுள்ள ஆதாரங்கள் அனைத்தையும் எடுத்து வரவும்னு. அனைத்தையும்னு அடிக்கோடு வேற.

கூட்டத்துக்கு நல்லதம்பி எண்பத்தெட்டாம் வருசத்து முருகன் காலண்டரைச் சுருட்டிக் கையில கொண்டாந்துட்டாரு. மேசையில போட்டு, இந்தாய்யா உன் முருகன், எங்க தாத்தாவைக் குடுங்கிறாரு. ஆர்டிஓ அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியலை, பைலைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டாங்க. அப்புறம் என்னைப் பாத்து, நீங்கதான் நிபுணர், உங்க கருத்து என்ன, இந்த ஆளு வேற எந்த அட்டையிலயாவது இருக்காரான்னு கேட்டாங்க. பேனாவைத் தொறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. நர்சம்மா எனக்கு எதுத்தாப்புல. நான் சொன்னேன், இந்த ஒரே அட்டைதாம்மா, வேற கெடையாது, புருவத்துல வெட்டு இருக்கு பாருங்கன்னு. நல்லதம்பி கொண்டாந்த தாத்தா போட்டோவுல ரெண்டு புருவமும் கம்பளிப்பூச்சி மாதிரி முழுசா இருந்துச்சு. அதோட முடிஞ்சுது. சமாதானத்துக்கு இலுப்பூர் டீமையும் போட்டியில சேத்துக்கிட்டாங்க. போன வருசக் கப்பு அவனுகதான் அடிச்சானுக.

என்ன சார், லெட்டரை வெளிய எடுக்குறீங்க? உள்ள வைங்க. இல்ல இல்ல, மறைக்கலை, சொல்றேன். ஆர்டிஓ முன்னால சொன்னது பொய்தான், உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்கு மொத நாளு சாயங்காலம் நர்சம்மா போன் போட்டாங்க. வாப்பா, ஒண்ணு காட்டணும்னு. ஸ்கூட்டர்ல போனேன். கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவங்கம்மா கல்லறை. அந்தம்மா உசுரோட இருக்கையிலயே சொல்லி வச்சிருந்துச்சாம், கல்லுல பாதியை அவருக்கு விட்டுருங்கன்னு. விட்டிருந்தாங்க. ஆனா பேரை வெட்ட ஊர்ல விடலை. எங்க செத்தான்னு தெரியாது, செத்தானான்னே தெரியாது, ஓடிப்போனவன் பேரு எதுக்குன்னு. முப்பத்தாறு வருசமா பாதிக் கல்லு மொட்டையாக் கெடந்திருக்கு. அன்னைக்குப் போயிப் பாத்தா வெட்டியிருக்கு. அடைக்கலம், போர்வீரர். ஆரோக்கியதாஸே ஆள் வச்சு வெட்டியிருக்காரு. சுண்ணாம்புத் தூளு அப்படியே கல்லு மேல கெடக்கு. நர்சம்மா முந்தானையால தொடைச்சுவிட்டாங்க. அழுவலை. அம்மா மேல இருந்த பேச்சு போச்சுப்பான்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஸ்கூட்டர்ல வந்தியே, சுகர் எம்புட்டு இருக்கு, டெஸ்ட் பண்ணுனியான்னு கேட்டாங்க.

நான் வீட்டுக்கு வந்து நோட்டீஸை எடுத்து வச்சுப் பாத்தேன். அனைத்தையும்.

மத்த நாலையும் ஒளிச்சு வச்சிருக்கலாமேங்கிறீங்க. யாருகிட்ட சார் ஒளிக்கிறது? ஒளிஞ்சு கெடக்குறதைத் தோண்டி எடுக்குறதுதானே நம்ம பொழப்பே. அம்பது பேரு படிச்ச லெட்டரை இருவத்தெட்டு வருசம் கழிச்சு நீங்க எடுக்கலையா? நான் கண்ணை மூடுன மறுநாளு எம்மவன் துபாய்லேர்ந்து வந்து மொத்தத்தையும் நெட்டுல போடுவான். நாலும் வரிசையா நிக்கும், தாடி வச்சு ஒருத்தன், தாடி இல்லாம ஒருத்தன், எல்லாத்துக்கும் அதே மூஞ்சி, முழுப் புருவம். ஒரு வெரலு தட்டுனா வல்லத்திராக்கோட்டைக்குப் போயிரும்.

லெட்டரா? அது இருக்கட்டுமே. ரிட்டயர்டு ஈபிக்காரன் ஒருத்தன் என்னமோ அளந்து விட்டிருக்கான்னு போட்டுக்கங்க. உங்க புத்தகத்துல இதை ஒத்தை அட்டைன்னு எழுதுங்க, தமிழ்ல மட்டும் வந்ததுன்னு. பொய்யான்னு கேட்டா, இன்னைய தேதிக்கு அது பொய்யும் இல்ல.

கல்லுல வெட்டுனதை அழிக்கணும்னா உளி வேணும், கொத்தனாரு வேணும். அட்டைக்கு என்ன? மறுநாள் காலையில வெந்நீர் அடுப்பை நானே பத்த வச்சேன். கலைமதிக்கே ஆச்சரியம், மனுசன் இன்னைக்கு வேலை செய்யுறானேன்னு. தெலுங்கு, இந்தி, பெங்காலி எல்லாம் பட்டுன்னு புடிச்சுக்கிருச்சு. பஞ்சாபிதான் சார் லேசுல எரியலை. ஓரம் மட்டும் சுருண்டுக்கிட்டுக் கெடந்துச்சு. கெட்டி அட்டை அது. கம்பியால ரெண்டு தடவை பெரட்டி விட்டேன். அப்புறம் அந்தத் தண்ணியில குளிச்சுட்டு ஆர்டிஓ ஆபீஸுக்குக் கெளம்பிட்டேன்.